சொந்தப் பாவனைக்கு மட்டும்

எங்கள் படகைக் கடலில் இறக்கிய அன்று பருத்தித்துறைக் கரையில் அப்பா நின்றார், அம்மா நின்றார், தங்கச்சி பள்ளிக்கூடத்துக்கு வயிற்றுக்குத்து என்று சொல்லிவிட்டு வந்து நின்றாள். தேங்காய் உடைக்கப் பூசகர் வந்திருந்தார். கடன் கொடுத்த சங்கத்தின் முகாமையாளர் சப்பாத்து நனையாத தூரத்தில் நின்றார். பக்கத்துப் படகுக்காரர் தவம் மாமா யாரும் கூப்பிடாமலே எல்லோருக்கும் முன்னால் நின்றார். வராதவர் ஒருவர்தான், ஸ்ரிக்கர் அன்ரி. அவர் வராததால் படகின் பெயரும் வரவில்லை.

பதிவிலக்கம் இருந்தது. அதைக் கரையிலேயே ஒருவர் கறுப்புப் பெயின்றால் கட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். பெயர் இருக்கவேண்டிய இடம் மட்டும், முன்பக்கத்தின் இரண்டு பக்கமும், கழுவின கோப்பைபோல வெள்ளையாக இருந்தது. பூசகர் சந்தனக் கிண்ணத்தோடு பெயரைத் தேடினார். அப்பா, உதிலை எங்கையாவது வையுங்கோ ஐயா என்றார். அம்மா கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பைபர் படகுக்காக அம்மாவின் காப்புகள் அடகுக் கடையில் கிடந்தன. அதற்கு ஈடாக அப்பா கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: படகுக்கு அம்மாவின் பெயர். செல்வராணி. படகு தண்ணீரில் இறங்கியது, வாக்கு கரையில் நின்றது.

அன்ரி அந்த நேரம் தன் வீட்டில், கணினிக்கு முன்னால், மலேசியாவில் இருந்து ஒரு பதில் வரும் என்று குந்தியிருந்தார்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் இரண்டு வசனம் போதும். எங்கே எது எழுதியிருந்தாலும் வாசிப்பார். வாசித்தபிறகு எழுதியிருக்கிறபடி செய்வார். முதலாவதைச் செய்கிற ஆட்கள் வேறும் இருக்கிறார்கள். இரண்டாவதுதான் கரைச்சல்.

எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு அவருடையது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை, ஒரே மகள் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் குடை பிடித்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போவார். மற்ற நாட்களில் அதே குடையோடு சந்தைக்குப் போய், பிஸ்கற் பெட்டியின் பின்பக்கத்தைக் கடைக்காரர் கொட்டாவி விடும்வரை வாசிப்பார். வீட்டு வாசலில் இருந்த தண்ணீர்ப் பம்பியில் 'தொடர்ந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இயக்க வேண்டாம்' என்று ஒரு சின்னத் தகடு இருந்தது. எங்கள் எல்லோர் வீட்டுப் பம்பியிலும் அது இருந்திருக்கும். அவர் வீட்டில்தான் பம்பிக்குப் பக்கத்தில் ஒரு மணிக்கூடும் இருந்தது.

ஒருமுறை யாழ்ப்பாணத்தால் வரும்போது நெல்லியடிக்கு ரிக்கற் எடுத்துவிட்டு நித்திரையாகிப் பருத்தித்துறையில் கண் விழித்திருக்கிறார். கொண்டக்டர் பெடியன், பரவாயில்லை அன்ரி இறங்குங்கோ என்று கை காட்டினான். அன்ரி ரிக்கற்றைத் திருப்பி அதன் பின்னால் இருந்த பொடி எழுத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினார். மிச்சத் தூரத்துக்கான காசை அவன் வாங்கமாட்டேன் என்றான், இவர் இறங்கமாட்டேன் என்றார். கடைசியில் சாரதிக்கு முன்னால் மாலை போட்டிருந்த பிள்ளையார் படத்தின் அடியில் அந்தக் காசை வைத்துவிட்டு இறங்கினார். அவர் வேதக்காரர் என்பது பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவருக்கு மகள் ஒரு வெட்டும் மெசினைக் கொண்டுவந்து கொடுத்தார். பார்க்கப் பிறின்ரர் மாதிரித்தான் இருக்கும், மைக்குப் பதிலாக உள்ளே ஒரு சின்னக் கத்தி. பசை பூசிய பாய் ஒன்றில் தாளையோ ஸ்ரிக்கரையோ ஒட்டி உள்ளே விட்டால், கணினியில் என்ன எழுத்தைக் காட்டுகிறோமோ அதன் ஓரத்தைப் பிடித்து வெட்டித் தரும். கனடாவில் பெண்கள் அதை வைத்துப் பிறந்தநாளுக்குப் பெயர் வெட்டுவார்களாம். அம்மாவுக்கும் பொழுது போகட்டும் என்று மகள் நினைத்திருக்கிறார். ஒழுங்கையில் அந்தப் பெரிய பெட்டி இறங்கியபோது எல்லோரும் வேறு என்னவோ எதிர்பார்த்தார்கள். கடதாசி வெட்டுறதுக்கோ கனடாவிலை இருந்து மெசின் வருகுது, எங்கடை வீட்டிலை கத்தரிக்கோல் கிடக்குது என்று தவம் மாமா சொன்னது அன்று பின்னேரமே சந்தைவரை போய்விட்டது.

மகள் திரும்பிப் போன பிறகும் மெசின் நெடுநாள் பின்னல் துணி போர்த்தியபடி இருந்தது. காரணம், அதை ஓட்டும் மென்பொருளைத் திறந்ததும் வருகிற 'நிபந்தனைகளை ஏற்றுக்கொள்கிறேன்' என்ற பெட்டி. உலகம் முழுவதும் கண்ணை மூடிக்கொண்டு அமத்துகிற அந்தப் பெட்டியை அமத்த முன்னர், அன்ரி அதற்குப் பின்னால் இருந்த நிபந்தனைகளை முதலாவது சொல்லில் இருந்து தொடங்கினார். இடையில் விளங்காத மூன்று இடங்களைப் பற்றிக் கம்பனிக்கு ஈமெயில் போட்டார். கம்பனி ஒன்றுக்குப் பதில் எழுதியது. மற்ற இரண்டுக்கும் பதில் வரும்வரை மெசின் துணிக்குள்ளேயே இருந்தது.

நான் அந்த வீட்டுக்குப் போகத் தொடங்கியது அப்போதுதான். எங்கள் குடும்பத்தில் சாதாரணதரப் பரீட்சை தாண்டிய முதல் ஆள் நான். கம்பஸில் இரண்டாம் வருஷம். அதனால் வெளிச்சம் வருகிற எந்தச் சாமானும் என் கைபட்டால் திருந்தும் என்று ஒழுங்கை நம்பியது. இங்கிலிஷ் என்னைவிட அன்ரிக்குத்தான் நன்றாக வரும். ஆனால் இன்ரநெற்றில் ஒன்றைத் தேடி எடுப்பதும் இறக்குவதும் அவருக்குத் தெரியாது. நான் என் லப்ரொப்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்துத் திறந்தேன். திரையின் கீழ் மூலையில் மங்கலாக ஒரு வரி நின்றது. காசு கட்டாமல் போட்ட மென்பொருள் நெடுக நினைவூட்டுகிற வரி. எனக்கு அது சுவரில் இருக்கும் பல்லி மாதிரிப் பழகிப்போனது.

"தம்பி, உது என்னவோ கேக்குது" என்றார் அன்ரி.

அது எப்பவும் கேக்கிறதுதான் அன்ரி என்றேன். அவர் லப்ரொப்பை மெதுவாக மூடி என் பக்கம் தள்ளிவிட்டுத் தேத்தண்ணி போட எழுந்துபோனார். அதன்பிறகு எல்லாம் அவருடைய கணினியில்தான் நடந்தது.

என் வேலை ஃபொன்ற் தேடுவது. எழுத்துருக்களைச் சும்மா தருகிற தளங்கள் எத்தனையோ இருக்கின்றன. கல்யாண எழுத்து, பேய் எழுத்து, சின்னப்பிள்ளை கிறுக்கியது போன்ற எழுத்து, எல்லாம். இறக்கினால் ஒரு பொதி வரும். பொதியை அவிழ்த்தால் ஒன்று எழுத்துரு, மற்றது எழுதியவர் வைத்த சின்னக் குறிப்பு. நான் எழுத்துருவை எடுத்துக்கொண்டு குறிப்பை எறிந்துவிடுவேன். இந்த உலகத்தில் அந்தக் குறிப்பை முதலில் திறந்து, கண்ணாடி போட்டு, கடைசிப் புள்ளிவரை வாசித்த ஒரே மனிசி எனக்குத் தெரிந்து அன்ரிதான். அதில் பெரும்பாலும் ஒரே விஷயம்தான் இருக்கும்: சொந்தப் பாவனைக்கு இலவசம், வியாபாரத்துக்கு என்றால் காசு. எதற்கும் எடுக்கலாம் என்று தாராளமாக எழுதிவைத்தவையும் இருந்தன. ஆனால் சனம் ஆசைப்படுகிற வளைவும் நெளிவும் உள்ள எழுத்தெல்லாம் முதல் வகையாகத்தான் இருந்தது.

ஆகவே அன்ரி காசு வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார். காசு வாங்கினால் வியாபாரம், வாங்காவிட்டால் சொந்தப் பாவனை. பிறந்தநாள் கேக்கில் குத்துகிற பெயர், பெரியவளான பிள்ளையின் சாமத்திய வீட்டு மேடைக்குப் பின்னால் ஒட்டுகிற பெயர், கல்யாண வீட்டுத் தாம்பாளத்தில் ஒட்டுகிற எழுத்து, எல்லாம் இலவசம். ஊர் இதைச் சந்தோசமாக ஏற்றுக்கொண்டது என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. எங்கள் பக்கத்துச் சனத்துக்கு ஒருவரிடம் ஒன்றைச் சும்மா வாங்கிக்கொண்டு போக வராது. காசு வேண்டாம் என்றால் மீன் வந்தது. ஒடியல் வந்தது, முருங்கைக்காய் வந்தது, ஒரு வீட்டில் இருந்து உயிரோடு சேவல் ஒன்று வந்து இரண்டு நாள் அன்ரியின் விறாந்தையில் நின்றது.

மீன் காசோ இல்லையோ என்பது அன்ரிக்குப் பெரிய யோசனையாகிவிட்டது. அவர் கேக் எழுத்தைச் செய்த இந்தோனேசியப் பெடியனுக்கே எழுதிக் கேட்டார். ஐயா, உங்கள் எழுத்தில் ஒரு பிள்ளையின் பெயரை வெட்டிக் கொடுத்தேன், அவர்கள் பாதி அறக்குளா மீன் கொண்டுவந்து தந்தார்கள், இது வியாபாரமாகுமா என்று. அடுத்த நாளே பதில் வந்தது. கண்ணடிக்கிற மஞ்சள் முகம் ஒன்றைப் போட்டு, மீனை ருசித்துச் சாப்பிடுங்கள் சகோதரி என்று எழுதியிருந்தான். நான் பிரச்சினை தீர்ந்தது என்று எழும்பினேன்.

"இரு. அவர் மீனுக்குத்தானே சொன்னவர்" என்றார் அன்ரி. "நேற்று வந்தது இறால்."

இறாலைச் சமைத்து, அதைக் கொண்டுவந்தவர்கள் வீட்டுக்கே ஒரு சட்டியில் திருப்பி அனுப்பினார். அவர்கள் சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று மாம்பழம் போட்டு அனுப்பினார்கள். இது எங்கே போய் முடிந்தது என்று எனக்குத் தெரியாது. பரீட்சை வந்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டு ஒழுங்கையில் சிரிக்காதவர்கள் இல்லை. அன்ரிக்கும் அது தெரியும். அவர் கோபிக்கவும் மாட்டார், கூடச் சிரிக்கவும் மாட்டார். ஒருவர் பகிடி பண்ணும்போது அந்தப் பகிடியில் ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல முகத்தைக் கொஞ்சம் சரித்து வைத்துக்கொள்வார். பாலர் பாடசாலை ரீச்சர் ஒருத்தி அரிச்சுவடி எழுத்துகளை வாங்கிக்கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டிய பிறகுதான், அங்கே பிள்ளைகளுக்கு மாதக் கட்டணம் இருக்கிறது என்று அன்ரிக்குத் தெரியவந்தது. தாராளக்காரரின் எழுத்தொன்றைத் தேடித்தரச் சொல்லி, அரிச்சுவடியை அகரத்தில் இருந்து புதிதாக வெட்டி, தானே ஏணியில் ஏறி ஒட்டிவிட்டு வந்தார். பழைய எழுத்தும் இதுவும் ஒரே மாதிரித்தானே இருக்கு என்று ரீச்சர் என்னிடம் கேட்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

மாரி முடிந்து கடல் படிகிற நேரம் அப்பா படகை வாங்கினார். அதுவரை அவர் மற்றவர்களின் படகில் போய் வந்தவர். அப்பாவுக்கு வாசிக்க வராது. கையெழுத்து வைப்பார், பஸ்ஸின் நெற்றியில் எழுதியிருக்கும் ஊரை அடையாளம் பிடிப்பார், அவ்வளவுதான். பெயரை நல்ல எழுத்தில் ஒட்டவேண்டும் என்று அவர் ஒரு பின்னேரம் என்னோடு அன்ரி வீட்டுக்கு வந்தார். திரையில் நான் செல்வராணியை ஒவ்வொரு ஃபொன்றாக மாற்றிக் காட்ட, ஏலத்தில் மீன் பார்க்கிறவர் மாதிரித் தலையைச் சரித்துச் சரித்துப் பார்த்தார். இது வயிறு கூட, இது எலும்பு, இது செத்தது என்று தள்ளிக்கொண்டே வந்தவர் ஒரு இடத்தில் விரலை நீட்டினார். அந்த எழுத்தில் ணியின் மேல்வளைவு எழும்பிப்போய், தண்ணீரில் அடித்த மீன்வால் மாதிரி இரண்டாகப் பிரிந்து நின்றது.

"உது" என்றார். "உந்த வாலோடை."

அன்ரி குறிப்பைத் திறந்தார். அதைச் செய்தவன் மலேசியாவில் ஈப்போவைச் சேர்ந்த தமிழ்ப் பெடியன். சொந்தப் பாவனைக்கு மட்டும் இலவசம் என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, வியாபாரத்துக்கு என்றால் ஒரு வரி எழுதிக் கேளுங்கள், எனக்கு ஒரு தே தாரிக் வாங்கித் தாருங்கள், அது போதும் என்றும் இருந்தது. தே தாரிக் என்பது அங்கே ஆற்றி ஆற்றிக் கொடுக்கிற பால் தேத்தண்ணியாம்.

அப்பா நியாயம் பேசிப் பார்த்தார். "போட் என்ரை, பேர் என்ரை மனிசியின்ரை. இதைவிடச் சொந்தம் என்ன இருக்கு அக்கா?"

"பிடிக்கிற மீனை விக்கிறீங்களோ?"

"விக்காமல்?"

"அப்ப வியாபாரம்" என்றார் அன்ரி, மிகவும் மனவருத்தத்தோடு.

வேறு எழுத்தைப் பார்ப்போமா என்று கேட்டேன். எதற்கும் எடுக்கலாம் என்று எழுதியிருந்த தமிழ் எழுத்துகள் எல்லாவற்றையும் காட்டினேன். அப்பா கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அவருக்கு அந்த வால் வேண்டும். இந்தப் பக்கம் அன்ரிக்குப் பதில் வேண்டும். ஈமெயில் போனது. பதில் வரவில்லை. நல்ல நாள் வந்தது. படகு பெயரில்லாமல் இறங்கியது.

அதன்பிறகு கரையில் எங்கள் படகுக்கு ஒரு பெயர் தானாக வந்துவிட்டது. தவம் மாமாதான் வைத்தார். அனுமதி. விடிய அப்பா வலை ஏற்றும்போது, அனுமதி கிடைச்சிட்டுதோ என்று ஒருவர் கேட்பார். அனுமதி இண்டைக்கு எத்தினை கிலோ என்று இன்னொருவர். அப்பா முதலில் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிக்காமல் இருந்தார். பிறகு மற்றவர்கள் வருவதற்கு முன்னரே கடலுக்குப் போகத் தொடங்கினார். வீட்டில் அம்மா படகைப் பற்றிக் கதைக்கவேண்டி வந்தால் 'அது' என்பார். அது வந்திட்டுதோ, அதுக்கு எண்ணெய் அடிச்சாச்சோ. ஒருநாள் அரிசி களைந்துகொண்டிருந்தவர் யாருக்கும் இல்லாமல் சொன்னார்:

"என்ரை பேரை எழுத என்னைத் தவிர எல்லாரிட்டையும் கேக்கினம்."

அன்று பின்னேரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, அந்த எழுத்து உன்ரை கையிலை கிடக்குத்தானே என்றார். கிடந்தது. அதைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணம் போனால், ஸ்ரிக்கர் கடையில் ஐந்து நிமிஷ வேலை. கடைக்காரன் குறிப்பைக் கேட்கவும் மாட்டான். நான் நல்ல சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டேன். படலையில் அன்ரி நின்றார். யார் சொன்னது என்று தெரியாது. எங்கள் ஒழுங்கையில் ஒரு சேட்டின் நிறத்தை வைத்தே ஆள் எங்கே போகிறான் என்று சொல்லிவிடுவார்கள்.

அவர் எங்களை ஏசவில்லை. நேரே அடுப்படிக்குப் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் பலகையில் இருந்தார். அந்தப் பெடியன் ஒவ்வொரு எழுத்தையும் கையால் கீறித்தான் செய்திருக்கிறான் என்றும், குறிப்பில் தான் வேலை முடிந்து வந்து பின்னேரங்களில் கீறியதாக எழுதியிருக்கிறான் என்றும் சொன்னார். கேட்டால் தருவான், கேளாமல் எடுக்கவேண்டாம் என்றுதான் கேட்கிறான். பதில் வராவிட்டால் உங்கள் பெயர் இல்லாமலே போகட்டும், அது என்னால் வந்த பிழை, நான் வந்து உங்கள் காலில் விழுகிறேன் என்றார். அம்மா பதறிப்போனார். அன்ரி அம்மாவுக்குத் தாய் வயது.

அம்மா கையைக் கழுவி, என் சேட்டுப் பையில் இருந்த பென் டிரைவை எடுத்துச் சீனிப் போத்தலுக்குப் பின்னால் வைத்தார். காப்பும் அடகிலை, பேரும் களவிலையோ என்று அப்பாவைப் பார்த்துக் கேட்டார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பங்குனி பாதியில் பதில் வந்தது. மன்னிக்கவேண்டும் அக்கா, எங்களுக்குப் பிள்ளை பிறந்திருந்தது, ஈமெயில் பார்க்கவில்லை, தாராளமாக ஒட்டுங்கள், படகின் படம் ஒன்று அனுப்புங்கள் என்று எழுதியிருந்தான். நான் அந்த இடத்திலேயே மெசினின் துணியை எடுத்தேன். அன்ரி துணியைத் திரும்பப் போட்டார். எழுதிக் கேட்பது ஒரு நிபந்தனை, அது முடிந்தது. தே தாரிக் இரண்டாவது நிபந்தனை.

அது பகிடிக்கு எழுதினது அன்ரி என்றேன்.

"பகிடி எண்டு அதிலை எழுதியில்லையே."

ஈப்போப் பெடியன் தலையால் நடந்து பார்த்தான். வேண்டாம் என்றான், சிரித்த முகங்களைப் போட்டான், பிள்ளைக்கு ஆசீர்வாதம் பண்ணுங்கள் போதும் என்றான். ஆசீர்வாதத்தைத் தனியாக அனுப்பிய அன்ரி, அங்கே ஒரு தே தாரிக் என்ன விலை என்று திரும்பக் கேட்டார். கடைசியில் அவன் களைத்துப்போய்த் தன் வங்கிக் கணக்கை எழுதி அனுப்பினான். அன்ரி, தேத்தண்ணியோடு கடிக்கவும் ஏதாவது வேண்டும் என்று பத்து ரிங்கிட் என்று முடிவு பண்ணினார். எங்கள் காசில் அது ஆயிரம்கூட வராது.

வங்கிக்கு நானும் போனேன். வெளிநாட்டுக்குக் காசு அனுப்பும் படிவத்தின் பின்பக்கத்தை அன்ரி வாசித்து முடிக்கும்வரை எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசை வளர்ந்து, கோபித்து, கலைந்து, திரும்பவும் வளர்ந்தது. என்ன காரணத்துக்கு அனுப்புகிறீர்கள் என்ற இடத்தில் அவர் 'தேநீர்' என்று எழுதினார். கவுன்ரருக்கு உள்ளே இருந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு மேலதிகாரியைக் கூப்பிட்டது. அவர் பொறுமையான மனிசன். அன்ரி, நீங்கள் அனுப்புற காசைவிட அனுப்புகூலி ஏழு மடங்கு வருமே என்றார்.

"அது உங்கடை கூலி, தம்பி. நான் கதைக்கிறது அவரின்ரை கூலி."

காசு போனது. ஒரு கிழமை கழித்து ஈப்போவில் இருந்து எழுதினான், ஒன்றும் வரவில்லை என்று. விசாரித்ததில், போகிற வழியில் நடுவில் நிற்கிற ஒரு வங்கியும் அங்கே வாங்குகிற வங்கியும் தங்கள் தங்கள் கூலியைக் கழித்திருக்கின்றன. கழித்த பிறகு கழிக்க ஒன்றும் மிச்சமில்லை. பரவாயில்லை அக்கா, தயவுசெய்து படகில் பெயரை ஒட்டுங்கள் என்று கெஞ்சியிருந்தான். அன்ரி ஒட்டவில்லை.

இதை நான் அப்பாவுக்குப் பகிடியாகத்தான் சொன்னேன். படகைப் பற்றி வீட்டில் சிரித்து நாளாகிவிட்டது. அப்பா கிழிந்த வலையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தவர், ஊசியை நிறுத்தினார். அப்ப அவனுக்கு ஒண்டும் போகேல்லையோ என்றார். ஒன்றும் போகவில்லை என்றேன். அனுப்பினது முழுக்க நடுவிலை நிண்டவையோ எடுத்தவை என்றார். ஓம் என்றேன்.

ஒருமுறை அவர் கொழும்புக்கு லொறியில் மீன் போட்டாராம். ஐஸுக்குக் கழித்து, நிறை குறைந்தது என்று கழித்து, லொறிக்கூலி கழித்து, தரகு கழித்து, கடைசியில் அங்கிருந்து ஒரு வெறும் கணக்குத் துண்டு வந்ததாம். அதில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கு வாசிக்கத் தெரியாது. வாசித்துச் சொல்ல ஆளைத் தேடிப்போய், சைபர் என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாராம். எனக்கு இதை அவர் அதுவரை சொன்னதில்லை.

"அக்காட்டைச் சொல்லு, பாங்க் வேண்டாம்" என்றார். "ஆளை அனுப்புவம்."

எங்கள் ஊரில் ஒரு சாமான் போய்ச் சேரவேண்டும் என்றால் போகிற ஆள் கையில் கொடுத்துவிடுவதுதான் வழக்கம். கருவாடும் மிளகாய்த்தூளும் அப்படித்தான் உலகம் முழுக்கப் போகின்றன. அப்பாவுக்குத் தம்பி முறையான ஒருவர் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறார். அப்பா அவருக்குப் போன் எடுத்து, ஈப்போவில் ஒரு பெடியனுக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுக்கவேணும் என்றார். அண்ணை, அங்கை ஏதும் பிரச்சினையோ என்று சித்தப்பா கேட்டார். இது எங்கள் குடும்பத்து அலுவல் என்று அப்பா சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஒருநாள் லீவு போட்டு, சம்பளத்தை விட்டு, பஸ் ஏறினார்.

பின்னேரம் போனுக்குப் படம் வந்தது. ஒரு கடை மேசை, நுரை தள்ளிய இரண்டு கிளாஸ், ஒரு பக்கம் சித்தப்பா கலியாணத்துக்குப் போடுகிற சேட்டோடு, மறுபக்கம் கண்ணாடி போட்ட மெல்லிய பெடியன், அவன் மடியில் துணி சுற்றிய குழந்தை. அவர் தந்த பத்து ரிங்கிட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன் அக்கா, வந்தவர் விருந்தாளி என்றபடியால் தேநீருக்கும் ரொட்டிக்கும் நான்தான் காசு கொடுத்தேன் என்று எழுதியிருந்தான். அன்ரி அதை இரண்டுதரம் வாசித்தார். நிபந்தனைப்படி தேத்தண்ணி வாங்கியது நாங்களா அவனா என்று யோசிக்கிறார் என்பது அந்த முகச் சரிவிலேயே தெரிந்தது. இந்தச் செய்தி அப்பாவின் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன். விடிய அன்ரி கூப்பிட்டனுப்பினார். காசு அவன் கைக்குப் போய்விட்டது, பிறகு அவன் அதை என்ன செய்தாலும் அது அவனுடைய சொந்தப் பாவனை என்று தீர்மானித்திருந்தார். மெசினின் துணி ஏற்கனவே மடித்து வைத்திருந்தது.

வெட்டும்போது முதல் தாளில் அந்த மீன்வால் கிழிந்துவிட்டது. அவ்வளவு மெல்லிசு. கத்தியின் அழுத்தத்தைக் குறைத்து, ஓட்டத்தை மெதுவாக்கி, இரண்டாவது தாளை விட்டார். கொக்கி ஊசியால் வேண்டாத துண்டுகளைக் கிளப்பி எடுக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார். செல்வராணி நீலத்தில் முழுசாக வந்தது, வால் இரண்டாகப் பிரிந்து நிமிர்ந்தபடி. மறுபக்கத்துக்கும் ஒன்று வெட்டினார்.

இன்று அன்ரி மகளோடு கனடாவில் இருக்கிறார். போன மாதம் கதைத்தபோது, அவர்களுடைய மாடிக்கட்டடத்தின் விதிகளில் பல்கனியில் துணி காயப்போடுவது பற்றி ஒரு இடம் தெளிவில்லாமல் இருக்கிறது, நிர்வாகத்துக்கு எழுதியிருக்கிறேன் என்றார். மெசினை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். வேறு ஆள் பாவிக்கலாமா என்று கம்பனியிடம் கேட்டுப் பதில் வந்த பிறகுதான் வீட்டுத் திறப்பை என்னிடம் தந்தார்.

பெயரை ஒட்டிய அன்று அவர் ஒட்டோவில் கரைக்கு வந்தார். படகின் இரண்டு பக்கத்தையும் தானே துடைத்தார், சவர்க்காரத் தண்ணீர் தெளித்தார், நானும் அப்பாவும் ஆளுக்கொரு தலைப்பில் தாளைப் பிடிக்க, நடுவில் இருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழியைத் தள்ளித் தள்ளி ஒட்டினார். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையோடு வந்து நின்றார். மேல்தாளை உரித்ததும் கிட்டப்போய் ணியின் வாலை ஒரு விரலால் தடவிப் பார்த்தார். அப்பா அன்றைய மீனில் நல்லதாக ஒன்றை எடுத்து அன்ரியிடம் நீட்டினார். இப்ப இது வியாபாரப் படகு, வேண்டாம் என்றார் அன்ரி.

கரையில் இருந்த எல்லோரும் வந்து பார்த்தார்கள். வடிவுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். தவம் மாமா தன் படகின் பெயரை யாழ்ப்பாணத்துக் கடையில் நானூறு ரூபாவுக்கு வெட்டினவர். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டார்:

"என்ன செல்வராணி, சும்மா கிடைச்ச எழுத்து, கடைசியிலை எவ்வளவு முடிஞ்சுது?"

அப்பா கடலைப் பார்த்தார். நான் மணலைப் பார்த்தேன். வங்கிக்குப் போனது, தாளுக்குப் போனது, சித்தப்பாவின் பஸ், சித்தப்பாவின் ஒருநாள் சம்பளம் எல்லாம் அம்மாவுக்குத் தெரியும். அம்மா மறைப்பார் என்று நினைத்தேன். அவர் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தப் பக்கம் நின்ற பெண்களுக்கும் கேட்கக்கூடியதாக, பதினாறாயிரத்து முன்னூறு ரூபா என்றார்.

"இல்லைப் பிள்ளை" என்றார் பின்னால் நின்ற அன்ரி. "இண்டையான் ஒட்டோக் காசு இருநூறையும் சேர்க்கவேணும். பதினாறாயிரத்து ஐந்நூறு."